இரண்டு மூன்று இடத்தில் பிஎச்.டி. அட்மிஷன் கிடைத்தால் எதை எடுப்பது?

கையில் இரண்டு மூன்று அட்மிஷன் கடிதம் வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தரவரிசைப் பட்டியலைத் திறந்து எது மேலே இருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் வீட்டிலும் நண்பர்களிடமும் கேட்பார்கள், அவர்கள் எல்லோரும் தாங்கள் பேர் கேள்விப்பட்ட பல்கலைக்கழகத்தையே சொல்வார்கள். ஆனால் அறிவியலில் பிஎச்.டி. என்பது நான்கைந்து வருடம், சில சமயம் ஆறு ஏழு வருடம், பெரும்பாலும் ஒரே ஆய்வகத்தில் ஒரே கைடின் (ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரின்) கீழ் செய்யும் வேலை. பல்கலைக்கழகத்தின் பெயர் அட்மிஷன் வந்த அன்றைக்கும் பட்டம் வாங்கிய பிறகும் உதவும். நடுவில் இருக்கும் அத்தனை வருடமும் கைடும், கூட இருக்கும் ஆட்களும், மாதாமாதம் கைக்கு வரும் பணமும்தான்.

எல்லாம் நன்றாக நடந்தால் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒப்பிட முடியாது. நினைத்து வந்த கைடு கிடைக்காமல் போனால், முதலில் எடுத்த ஆராய்ச்சி இரண்டு வருடம் கழித்துப் படுத்துவிட்டால், கைடுக்கு வரும் கிராண்ட், அதாவது ஆராய்ச்சி நிதி, நடுவில் முடிந்துபோனால், அப்போதும் நான் இங்கே பட்டம் வாங்கிக்கொண்டு நல்லபடியாக வெளியே போக முடியுமா? ஒவ்வொரு இடத்தையும் பார்த்து இதைக் கேளுங்கள். இந்த மூன்றும் அபூர்வமாக நடப்பவை இல்லை. மூன்றில் ஒன்றாவது நடந்த ஒருவரை எந்தத் துறையிலும் காட்ட முடியும்.

முதலில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏப்ரல் 15 என்று ஒரு பொது ஒப்பந்தம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டிருக்கும் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு கொடுக்கும் இடத்துக்கு, அந்தத் தேதிக்கு முன்னால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது. மார்ச் ஆரம்பத்திலேயே "இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்" என்று மெயில் வந்தால் பயந்துவிடாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் வேண்டும் என்று மரியாதையாக எழுதுங்கள். ஆனால் உதவித்தொகை இல்லாத அட்மிஷனுக்கு, குறிப்பாகக் காசு கட்டிப் படிக்கும் மாஸ்டர்ஸ் படிப்புக்கு, இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே டெபாசிட் கட்டும் கடைசித் தேதி முன்னாலேயே வந்துவிடும். ஐரோப்பாவில் பிஎச்.டி. இடம் பல சமயம் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல நடக்கும், ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் கொடுப்பார்கள். மற்ற இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை என்றால் உடனே அவர்களுக்கு எழுதி, எனக்கு இந்தத் தேதிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, அவர்களுக்கும் அது பழக்கம்தான்.

ஆஃபர் கடிதத்தை எப்படிப் படிப்பது

கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பேனா எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். முதல் விஷயம், அந்தத் தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாதம் என்றால் கோடை விடுமுறையில் யார் பணம் கொடுப்பார்கள் என்று தனியாகக் கேட்கவேண்டும். "வழக்கமாகக் கிடைத்துவிடும்" என்று பதில் வந்தால், போன கோடையில் எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்று அடுத்த கேள்வி. இரண்டாவது, எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம்? ஐந்து வருடம் என்று எழுதியிருப்பதும் "முதல் வருடத்துக்கு, அதன் பிறகு நிதி இருப்பைப் பொறுத்து" என்று எழுதியிருப்பதும் வெவ்வேறு ஆஃபர்கள், தொகை ஒன்றாகவே இருந்தாலும் கூட. "திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால்" என்ற வாசகம் எல்லாக் கடிதத்திலும் இருக்கும், அதைப் பார்த்துக் கலங்கவேண்டாம். ஆனால் அந்தத் திருப்தியை யார் முடிவு செய்வது, கைடு ஒருவரா அல்லது ஒரு கமிட்டியா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், தள்ளுபடி என்றால் எல்லாக் கட்டணமும் தள்ளுபடி என்று அர்த்தம் ஆகாது. டியூஷன் தவிர மாணவர் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம், உடல்நலக் காப்பீடு என்று தனித்தனியாகப் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. காப்பீட்டில் பல், கண் சேர்ந்திருக்கிறதா, குடும்பம் வந்தால் அவர்களையும் சேர்க்க என்ன ஆகும் என்றும் கேளுங்கள். வரி இன்னொன்று. சம்பளமாகக் கொடுத்தால் வரியை அவர்களே பிடித்துவிடுவார்கள், ஃபெல்லோஷிப்பாகக் கொடுத்தால் சில இடங்களில் பிடிக்காமலே கொடுத்துவிடுவார்கள், பின்னால் நீங்களே கட்டவேண்டி வரும். முதல் பணம் எந்தத் தேதியில் வரும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும் என்றால், வாடகை முன்பணமும் முதல் மாதச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகவேண்டும்.

இவ்வளவையும் கழித்துவிட்டு மாதம் கையில் நிற்பது எவ்வளவு, அந்த ஊரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தொகை பெரிதாகத் தெரிந்த ஆஃபர் சின்ன ஆஃபரைவிட மோசம் என்று இந்தக் கணக்கில் அடிக்கடி தெரியவரும்.

டீச்சிங் பொறுப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வாரம் இருபது மணிநேரம் பாடம் எடுப்பதும் விடைத்தாள் திருத்துவதும் முதல் வருடம் மட்டும் என்றால் நல்ல அனுபவம். கடைசி வருடம்வரை ஒவ்வொரு செமஸ்டரும் என்றால் ஆராய்ச்சி அந்த அளவுக்கு இழுக்கும், பட்டமும் தள்ளிப்போகும்.

கைடைப் பற்றி எங்கே தெரிந்துகொள்வது

இதற்குத்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். அவர் வெப்சைட்டில் இருப்பதை விட்டுவிட்டு, அவரிடம் படித்து முடித்தவர்களின் தீசிஸைத் தேடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் தீசிஸ்களை இணையத்தில் வைத்திருக்கின்றன, கைடு பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். கடைசியாக முடித்த நான்கைந்து பேருடையதை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள். எந்த ஆண்டு சேர்ந்து எந்த ஆண்டு முடித்தார்கள். லிங்க்டின் பக்கத்தில் சேர்ந்த ஆண்டு இருக்கும். தீசிஸின் அத்தியாயங்கள் ஆராய்ச்சிப் பேப்பராக வெளிவந்திருக்கின்றனவா, வந்திருந்தால் மாணவர் முதல் ஆசிரியரா, அதாவது எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர்தான் முதலில் இருக்கிறதா. அப்புறம் நன்றியுரை.

நன்றியுரையை யாரும் கவனமாகப் படிப்பதில்லை, ஆனால் அதில் நிறைய இருக்கிறது. கைடுக்கு ஒரே ஒரு சடங்கான வரி, ஆனால் ஒரு போஸ்ட்டாக்குக்கு (பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி செய்பவருக்கு) அரைப் பக்கம் என்று இருந்தால் அந்த மாணவரை உண்மையில் வளர்த்தது யார் என்று புரியும். அந்த போஸ்ட்டாக் இப்போதும் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள், போய்விட்டிருந்தால் நீங்கள் போகும்போது அந்த இடத்தில் யார் இருப்பார்? ஒரு தீசிஸை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், சிலர் சுபாவத்திலேயே சுருக்கமாக எழுதுவார்கள். நான்கு தீசிஸிலும் ஒரே மாதிரி இருந்தால் அதை நம்பலாம்.

கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் வரும், அதனால் முதல் ஆசிரியர் என்ற கணக்கு அங்கே பொருந்தாது. அதற்குப் பதில் மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி ப்ராஜெக்ட் என்ற தளத்தில் ஒரு கைடிடம் யாரெல்லாம் எந்த ஆண்டு முடித்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். துகள் இயற்பியலின் பெரிய பரிசோதனைகளில் ஒரு பேப்பருக்கே ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள், அங்கேயும் பேப்பரை எண்ணிப் பயனில்லை. எந்தப் பகுப்பாய்வை அந்த மாணவர் நடத்தினார் என்று நேரிலேயே கேட்கவேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்களே பார்க்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை. அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கான அரசு அமைப்பான என்.ஐ.எச். கொடுக்கும் நிதி அவர்களுடைய ரிப்போர்ட்டர் தளத்தில் இருக்கிறது, அறிவியல் ஆராய்ச்சிக்கான அரசு அமைப்பான என்.எஸ்.எஃப். கொடுப்பதற்கும் தனித் தேடல் பக்கம் உண்டு. பிரிட்டனில் கேட்வே டு ரிசர்ச், ஜெர்மனியில் கெப்ரிஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதிக்கு கார்டிஸ். பெயரைப் போட்டால் எந்தத் திட்டம், எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று வந்துவிடும். ஒரு கிராண்ட் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம்தான் ஓடும். கைடு கையில் இருப்பது அடுத்த ஆண்டு முடிகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்றால் உடனே அவரை ஒதுக்கவேண்டியதில்லை. எல்லோரும் புதுப்பித்துக்கொண்டே போகிறவர்கள்தான். ஆனால் "அது கிடைக்காவிட்டால் உங்கள் மாணவர்களுக்குத் துறை என்ன செய்யும்?" என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சில துறைகள் டீச்சிங் கொடுத்துத் தாங்கிக்கொள்ளும், சில துறைகள் கைவிரித்துவிடும்.

வயதில் இளைய கைடா, பழுத்த கைடா என்று எல்லோரும் கேட்பார்கள். அசிஸ்டண்ட் ப்ரொஃபசர் என்றால் கூடவே நின்று சொல்லித்தருவார், அவருக்கும் பேப்பர் அவசரமாக வேண்டும். அமெரிக்க முறையில் பொதுவாக ஆறாவது ஆண்டு வாக்கில் அவருக்கு டென்யூர் (நிரந்தரப் பதவி) முடிவு வரும், கிடைக்காவிட்டால் அவர் கிளம்பியாக வேண்டும், உங்கள் நான்காவது ஆண்டில் அது நடக்கலாம். அவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று பார்த்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பெரிய பெயர் உள்ளவர் என்றால் சிபாரிசுக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம், ஆனால் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம், ஓய்வு பெறலாம், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கலாம். என்னைக் கேட்டால் வயதை விட்டுவிட்டு, கடைசி ஐந்து மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

ஆய்வகத்தில் இருப்பவர்களோடு பேசுவது

மெயிலில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், எழுத்தில் இருப்பது எங்கே போகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. போனில் பேசுங்கள். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். உங்கள் துறையில் இந்த ஆண்டு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது, உங்கள் ஆய்வகத்தில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபது நிமிடம் போனில் பேச முடியுமா? நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு யாரிடமும் சொல்ல மாட்டேன்." இப்போது இருக்கும் ஒரு சீனியர், போன ஒன்றிரண்டு ஆண்டில் முடித்துப் போன ஒருவர், முடிந்தால் நடுவில் விலகிய ஒருவர், இந்த மூன்று பேரிடமும் பேசப் பாருங்கள். விலகியவர் சொல்வதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவேண்டாம், ஆனால் அவர் சொல்லும் விஷயங்களை மற்ற இருவரிடம் விசாரிக்கலாம்.

"கைடு எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்ல மனுஷர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக அவரோடு தனியாக உட்கார்ந்து பேசியது எப்போது? டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் திரும்பி வரும்? உங்கள் பரிசோதனை மாதக்கணக்கில் வரவே இல்லை என்றால் அவர் என்ன செய்தார்? ஆய்வகத்தில் கடைசியாக யார் லீவு எடுத்தார், எத்தனை நாள்? ஒரே பிராஜெக்டை இரண்டு பேருக்குக் கொடுத்துப் போட்டி போடவைத்தது உண்டா? இதற்கெல்லாம் தேதியும் சம்பவமும் பதிலாக வரும், மழுப்புவது கடினம். பதில் சொல்லும் முன் நீண்ட இடைவெளி வந்தால், "யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை" என்று விட்டுவிட்டுக் காத்திருங்கள். கடைசியாக, "இன்றைக்கு மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இங்கேயே வருவீர்களா?" என்று ஒரு கேள்வி. இதற்குப் பெரும்பாலானவர்கள் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள்.

கைடிடம் பேசும்போதும் இதேபோல நேராகவே கேட்கலாம். இந்த ஆண்டு எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அதில் எனக்கு இடம் உண்டா? நான் வந்தால் முதல் வருடம் எந்த வேலையில் இருப்பேன், அதற்குப் பணம் இருக்கிறதா? ஒரு மாணவர் முடிக்கத் தயார் என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? அடுத்த சில ஆண்டுகளில் இடம் மாறும் எண்ணம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயக்கமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எரிச்சல்படுகிறவர் என்றால், அதையும் இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

இரண்டாவது கைடு, மூன்றாவது கைடு

ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் மனதார வேலை செய்யக்கூடிய ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரே ஒருவர் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தைவிட மூன்று பேர் இருக்கும் நடுத்தரத் துறை பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மூவரும் இந்த ஆண்டு ஆள் எடுக்கிறார்களா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள், துறையின் இணையப் பக்கத்தில் பெயர் இருப்பதால் மட்டும் இடம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

ரொட்டேஷன் முறை இங்கேதான் கைகொடுக்கும். அமெரிக்காவில் உயிரியல் சார்ந்த படிப்புகள் பலவற்றில் முதல் வருடம் இரண்டு மூன்று ஆய்வகத்தில் சில வாரங்கள், சில மாதங்கள் என்று வேலை செய்து பார்த்துவிட்டுத்தான் கைடைத் தேர்ந்தெடுப்பார்கள். வேதியியலில் பெரும்பாலும் முதல் செமஸ்டரிலேயே பேராசிரியர்களைச் சந்தித்து முடிவு செய்யவேண்டியிருக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவில் பல இடங்களிலும் சேரும்போதே கைடும் தலைப்பும் முடிவாகியிருக்கும். பிரிட்டனில் மூன்று நான்கு வருடத்தில் முடிக்கவும் சொல்வார்கள். ஜெர்மனியில் பலருக்கு அது பல்கலைக்கழக வேலை, ஒப்பந்தம் உண்டு, சமூகக் காப்பீடு உண்டு, ஆனால் ஒப்பந்தம் பல சமயம் பகுதி நேரமாகவும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமாகவும் இருக்கும். அது எத்தனை வருடத்துக்கு, நீட்டித்துக் கொடுப்பது வழக்கமா என்று பாருங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத் தலைப்போடு வரும் இடம் நேரத்தை மிச்சப்படுத்தும். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் என்றால் ரொட்டேஷன் இருக்கும் இடத்தை எடுங்கள்.

நடுவில் கைடை மாற்ற வழி இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள். சமீபத்தில் யாராவது மாறியிருக்கிறார்களா, மாறும் காலத்தில் உதவித்தொகை நின்றதா? சேர்ந்த பிறகு வரும் தகுதித் தேர்வில் ஒருமுறை தவறினால் இரண்டாவது வாய்ப்பு உண்டா, பட்டம் முடிக்காமல் போகிறவர்களுக்கு மாஸ்டர்ஸாவது கொடுக்கிறார்களா? சேருவதற்கு முன்பே தோல்வியைப் பற்றிக் கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள். நன்றாக நடக்கும் துறைகளில் இதற்கெல்லாம் எழுதிவைத்த விதி இருக்கும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவரிசையைப் பார்க்கவேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தின் மொத்த இடத்தை விட்டுவிட்டு உங்கள் உட்பிரிவில் அந்தத் துறை எப்படி என்று பாருங்கள், அதற்கு உங்கள் பழைய ஆசிரியர் பட்டியலைவிட நன்றாகப் பதில் சொல்வார். கருவிகள் முக்கியமான துறை என்றால், கருவி இருக்கிறதா என்பதோடு ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் அது கிடைக்கிறது என்று கேளுங்கள். துணைவருக்கு வேலை, குழந்தை, உடல்நலம், ஊருக்குப் போய்வரும் தூரம், இருட்டும் குளிரும் ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அற்பக் காரணங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அத்தனை வருடம் அங்கே வாழப்போவது நீங்கள். கடன் வாங்கிச் செல்லும் மாஸ்டர்ஸும், முழு உதவித்தொகையோடு பிஎச்.டி.யும் கையில் இருந்தால், அந்த மாஸ்டர்ஸுக்கு மிக வலுவான, உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய காரணம் இருக்கவேண்டும்.

மனதுக்குப் பிடித்த இடத்தில் பணம் மட்டும் குறைவாக இருந்தால், விடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "உங்கள் துறைக்கு வரவே விருப்பம், ஆனால் வேறோர் இடத்தில் இவ்வளவு கொடுக்கிறார்கள், ஏதாவது செய்ய வழி உண்டா?" என்று துறையின் சேர்க்கைப் பொறுப்பாளருக்கு எழுதலாம். மாதத் தொகையைப் பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். ஆனால் முதல் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் ஃபெல்லோஷிப், இடம் மாறும் செலவு, ஒரு கோடைக்கான பணம், டீச்சிங் இல்லாத ஒரு செமஸ்டர் என்று ஏதாவது கிடைப்பதுண்டு. இப்படி மரியாதையாகக் கேட்டதற்காகப் பொதுவாகக் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இல்லாத ஆஃபரைச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். எது கிடைத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னது என்றால், "இன்று பேசியபடி" என்று ஆரம்பித்து நீங்களே ஒரு மெயில் போட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள்.

முடிவு செய்ய மதிப்பெண் அட்டவணை போடுகிறவர்கள் உண்டு, போடுவதில் தப்பில்லை, ஆனால் அட்டவணை உங்களுக்குப் பிடிக்காத விடையைத் தரும்போது மதிப்பெண்ணைத் திருத்த ஆரம்பித்தால், எது வேண்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித் தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள்: முதல் கைடு இல்லை, முதல் தலைப்பு இல்லை, அப்போதும் நான் அங்கே யாரோடு என்ன செய்வேன் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் தைரியமாக ஒத்துக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் அடுத்த இடத்துக்கும் அதே அரைப் பக்கத்தை எழுதுங்கள்.

வேண்டாம் என்று தெரிந்துவிட்ட இடங்களுக்குக் கடைசித் தேதிவரை காத்திருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் விடும் இடம் அவருக்குப் போகலாம். இரண்டு வரி போதும், நன்றி சொல்லி, வேறிடத்தில் சேர முடிவு செய்திருக்கிறேன் என்று. உங்களுக்காக நேரம் எடுத்துப் பேசிய பேராசிரியருக்கு மட்டும் தனியாக ஒரு மெயில் எழுதுங்கள், அடுத்த பல ஆண்டுகள் மாநாடுகளில் அவரைப் பார்ப்பீர்கள், உங்கள் பேப்பர் அவரிடமே மதிப்பீட்டுக்குப் போகலாம். ஒத்துக்கொண்ட இடத்துக்கு, அவர்கள் சொன்ன தளத்தில் பதிவு செய்து, உறுதிப்படுத்தும் மெயில் கையில் வந்த பிறகே, அதுவரை விடாமல் வைத்திருந்த மற்ற இடங்களை விடுங்கள். அப்புறம் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லிவிட்டு, வெளிநாடு என்றால் அன்றைக்கே விசா காகிதங்களை ஆரம்பித்துவிடுங்கள். நேர்காணல் தேதி கிடைக்கவே சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகிறது.